தீப்பெட்டிக்குள் அடங்கும் துணிமணி: பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன்

(திரையில் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். மூக்குக்கண்ணாடி, கோட்டு, மடியில் கிட்டார்.)

இந்த முகத்தை நன்றாகப் பாருங்கள். இவர்தான் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய படம் இது ஒன்றுதான். அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸைப் பாடியவர். பெயரே லெமன் ஜெஃபர்சன்தான். கண் தெரியாது என்பதால் முன்னால் பிளைண்ட் சேர்ந்துகொண்டது.

1890களில் அமெரிக்காவின் டெக்சாஸில், வோர்தம் என்ற ஊர்ப் பக்கத்தில், விளைச்சலில் பங்கு கொடுத்து அடுத்தவர் நிலத்தில் பயிர் செய்த கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். சுற்றுவட்டார ஊர்களில் விருந்துக்கும் தெருமுனைக்கும் பாடிப் பாடி, அப்புறம் டல்லாஸின் டீப் எல்லம் வந்து சேர்ந்தார். ரயில் தண்டவாளத்தை ஒட்டி கறுப்பின மக்கள் கூடுகிற கடைவீதி அது. 1912 வாக்கில், பின்னாளில் புகழ்பெற்ற பாடகர் லெட் பெல்லி அவரோடு சேர்ந்து வாசித்திருக்கிறார். பிற்காலத்தில் டி-போன் வாக்கர் என்ற சிறுவன் கையைப் பிடித்துக் கூட்டிப்போவான், காசு விழும் கோப்பையையும் அவன்தான் பார்த்துக்கொள்வான். வளர்ந்தபின் எலெக்ட்ரிக் கிட்டாரில் ப்ளூஸுக்கு வழி போட்டவன் அந்தப் பையன்தான்!

சரி, அப்படி என்ன வாசித்தார்? உச்சக் குரலில் ஒரு வரி பாடுவார். குரல் நின்றதும் கிட்டார் பேச ஆரம்பிக்கும், ஒற்றை ஒற்றைத் தந்தியாக, குரலுக்குப் பதில் சொல்வது மாதிரி, அவருக்குப் போதும் என்று தோன்றும்வரை தாளம் காத்திருக்க, பிறகுதான் அடுத்த வரி. கூட வாசிப்பவருக்கு இது பெரிய சோதனை. தனியாக ஊர் ஊராகத் திரிந்த மனிதருக்கு அந்தச் சுதந்திரம் இருந்தது, எனக்கு அவரிடம் மிகப் பிடித்ததும் அதுதான்.

1926இல் சிகாகோவில் பாரமவுண்ட் நிறுவனம் அவர் பாட்டைப் பதிவு செய்தது. நாற்காலி செய்யும் கம்பெனி ஒன்றின் இசைத்தட்டுப் பிரிவு அது. அதுவரை ப்ளூஸ் தட்டு என்றால் பெரும்பாலும் பியானோவோ பேண்டோ பின்னால் வாசிக்கப் பாடும் பெண்கள்தான். ஒரே ஆள், ஒரே கிட்டார் என்றாலும் தட்டு விற்கும் என்று இவர் காட்டினார். நான்கே வருஷத்தில் எண்பதுக்கு மேல் பாட்டுகள். 1927இல் வந்த ‘மேட்ச்பாக்ஸ் ப்ளூஸ்’ பாட்டில், என் துணிமணி ஒரு தீப்பெட்டிக்குள் அடங்குமா என்று யோசிக்கிறார். ஊர் விட்டு ஊர் போகிறவனின் மூட்டை அவ்வளவுதான்!

அதே வருஷம் இன்னொரு பாட்டு: என் கல்லறையைச் சுத்தமாக வைத்திருங்கள், அந்த ஒரு உதவி போதும் என்று.

1929 டிசம்பரில், சிகாகோவின் குளிரில் இறந்தார். உடலை ரயிலில் டெக்சாஸுக்குக் கொண்டுபோய் வோர்தமில் புதைத்தார்கள். பெயர் சொல்ல ஒரு கல்கூட இல்லை. 1967இல்தான் அங்கே ஓர் அடையாளம் வைத்தார்கள். 1997இல் புதுக் கல் நட்டபோது அதில் பொறித்தது, அவர் கேட்டுக்கொண்ட அந்த வரியைத்தான்.