தேத்தண்ணிக்குள் கரைத்த குளிசை

வணக்கம். முப்பது வருடம் குளிசை எண்ணிக் கொடுத்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு, யாழ்ப்பாணத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்கு மாதம் ஒருமுறை போய் மருந்துகளைச் சரிபார்த்துக் கொடுத்து வந்தேன். எந்த இல்லம் என்பது வேண்டாம்.

அங்கே ஒரு ஆச்சி. மறதி நோய். பொழுதுபட்டால் படலையடிக்குப் போய்விடுவார். "மாடு கட்ட வேணும், விடுங்கோ" என்று ஒரே சண்டை. ஒருமுறை போனபோது கதிரையில் சாய்ந்து கிடந்தார். கடைவாயில் எச்சில். கை விறைத்து, கோப்பையைப் பிடிக்க முடியவில்லை.

"ஹலோபெரிடோல் தொடங்கினது ஐயா. விழுங்க மாட்டன் எண்டவா. தேத்தண்ணிக்குள்ள கரைச்சுக் குடுக்கிறம்" என்றாள் பராமரிக்கும் பிள்ளை. ரொறன்ரோவில் இருக்கும் மகன் வட்ஸ்அப்பில் "நீங்களே பார்த்துச் செய்யுங்கோ" என்றாராம். சரி, ஆச்சியிடம் கேட்டீர்களா என்றேன். என்னை விசித்திரமாகப் பார்த்தாள். இரவில் இருபது பேருக்கு அவள் ஒருத்தி. அவளில் நான் பிழை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஹலோபெரிடோல் சத்துக் குளிசை இல்லை; கடும் மனநோய்க்குக் கொடுக்கும் மருந்து. மறதி நோயுள்ள முதியவர்களுக்கு இவ்வகை மருந்துகள் கொடுத்தால் இறப்பு கூடுகிறது என்று, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2005இல் புதிய ரகங்களுக்கும், 2008இல் ஹலோபெரிடோல் போன்ற பழையவற்றுக்கும் கட்டம் போட்ட எச்சரிக்கை அச்சிட வைத்தது. ஊழியரின் வசதிக்காக ஒருவரை மருந்தால் கட்டிப்போடக் கூடாது என்று அந்த நாட்டில் 1987ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. இல்லாதது கண்ணுக்குத் தெரிவதாக நடுங்குபவருக்கும், அடிக்க வருபவருக்கும் கொஞ்சக் காலம் தேவைப்படலாம். அப்போதும் எதற்கு, எத்தனை நாளைக்கு, என்ன கெடுதி வரும், வேறு வழி உண்டா என்று முதலில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் சம்மதம் என்பது வெறும் கையெழுத்து.

மறதிக்காரரிடம் என்னத்தைக் கேட்பது? காலை பத்து மணிக்கு ஆச்சி தெளிவாக இருப்பார். பக்கத்தில் இருந்து கேட்டேன். "உது குடிச்சாக் கால் பாரமாக் கிடக்கு தம்பி. வேண்டாம்." இதைவிடத் தெளிவாக நானும் சொல்ல மாட்டேன்.

வைத்தியரிடம் சொன்னோம். குழப்பம் கிருமித் தொற்றாலும் கூடலாம் என்று சிறுநீரைச் சோதிக்கச் சொன்னார். கிருமித் தொற்று இருந்தது. அதற்கு மருந்து கொடுத்து, மற்றதைக் குறைத்து நிறுத்தினார். ஆச்சி எழும்பி நடந்தார். அப்புறம் என்ன, பழையபடி படலைக்கும் போனார்.

இப்போது பொழுதுபட முன்னமே அந்தப் பிள்ளை ஒரு கயிற்றுத் துண்டை ஆச்சியின் கையில் கொடுத்துக் கூடவே நடக்கிறாள். வேலிக் கதியாலில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டு, ஆச்சி தானாகத் திரும்பி வருகிறார்.