நீர் மாத்திரையும் மந்தமாகும் மூச்சும்

நேயர்களுக்கு வணக்கம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் மூச்சுத் திறன் குன்றியவர்கள் பலர், கால் வீக்கத்துக்காக சிறுநீரைக் கூட்டும் ஃபுரோசமைடு போன்ற நீர் மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டு வருகிறார்கள். வீக்கம் வடிகிறது. ரத்தத்தின் அமில-காரச் சமநிலையோ மெல்ல மெல்லக் காரப் பக்கம் சாய்கிறது.

இவர்களுக்கு ஏற்கெனவே கரியமில வாயு தேங்கியிருக்கும். அது ரத்தத்தில் அமிலமாகிறது. அந்த அமிலத்தை ஈடுகட்ட, சில நாட்களில் சிறுநீரகம் பைகார்பனேட் என்ற காரப் பொருளைச் சேர்த்துவைக்கும். வாயுவின் அழுத்தம் 10 மி.மீ. ஏறினால் பைகார்பனேட் ஏறத்தாழ 4 கூடும். அழுத்தம் 60 என்றால் பைகார்பனேட் 32, பி.எச். (அமில-கார அளவு; ஏறினால் காரம், இறங்கினால் அமிலம்) 7.35. இது சிறுநீரகத்தின் வேலை. அதே 60க்கு பைகார்பனேட் 40 என்று வந்தால் பி.எச். 7.45 ஆகிவிடும். சிறுநீரகத்தின் ஈடுகட்டல் மட்டும் இவ்வளவு தூரம் போகாது. மாத்திரையின் கை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘பி.எச். நார்மல்தானே’ என்று அறிக்கையை மூடிவைப்பது இங்கே பெரிய தவறு.

மாத்திரை சோடியத்தோடு குளோரைடையும் பொட்டாசியத்தையும் சிறுநீரில் இழக்க வைக்கிறது. உடலில் நீர் குறைந்ததும் ஆல்டோஸ்டீரான் என்ற ஹார்மோன் கூடுகிறது. அதனால் சிறுநீரகம் இன்னும் அதிகமாக அமிலத்தை வெளியேற்றுகிறது. மிஞ்சிய பைகார்பனேட்டைக் கழிக்கக் குளோரைடு வேண்டும். அதுதான் தீர்ந்துபோயிற்றே! மூச்சை முடுக்குவது அமிலம். காரம் கூடினால் அந்த முடுக்கம் தளர்கிறது, வாயு மேலும் தேங்குகிறது, ஆக்சிஜன் இறங்குகிறது. காலையில் தலைவலி, பகலில் அசதித் தூக்கம், தசைப்பிடிப்பு இருந்தால் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் நான்கையும் பார்த்துவிடுங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால், ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் இன்னும் இறங்கும்.

பொட்டாசியம் கொடுத்தால் குளோரைடு உப்பாகவே கொடுக்க வேண்டும். சிட்ரேட் உப்பு உடலுக்குள் பைகார்பனேட்டாக மாறிவிடும், நோக்கமே கெடும். மெக்னீசியம் குறைவாக இருந்தால் எவ்வளவு பொட்டாசியம் கொடுத்தாலும் நிற்காது. மாத்திரையின் அளவைக் குறைக்கலாமா, பொட்டாசியத்தை இழக்க விடாத நீர் மாத்திரையான ஸ்பைரோனோலாக்டோன் சேர்க்கலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் ராமிப்ரில் வகை ரத்த அழுத்த மருந்து எடுப்பவர்களுக்கும் ஸ்பைரோனோலாக்டோனால் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது. இதயத்தின் மேல் பாரம் ஏறும்.

அசிட்டசோலமைடு என்ற இன்னொரு மருந்து பைகார்பனேட்டைச் சிறுநீரில் வெளியேற்றும். ஆனால் செயற்கைச் சுவாசத்தில் இருந்த நுரையீரல் அடைப்பு நோயாளிகளிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், அந்தச் சுவாச நாட்கள் குறிப்பிடும்படி குறையவில்லை. வாயுவை ஊதித் தள்ளவே வலுவில்லாத நுரையீரல் உள்ளவர்களுக்கு அது அமிலத்தைக் கூட்டிவிடவும் கூடும். ஆகவே முதலில் குளோரைடையும் பொட்டாசியத்தையும் ஈடுசெய்துவிட்டு, ரத்த வாயுப் பரிசோதனையை மறுபடி பார்த்த பிறகே அதை யோசிக்க வேண்டும்.