சீனிக்குப் பார்ப்பது போல மனசுக்கும் இரத்தம் பார்க்கலாமா?

வணக்கம் உறவுகளே. தலவாக்கலையில் காலையிலிருந்து பனி மூடிக் கிடக்கிறது, லயத்து வீட்டுக்குப் பின்னால் நின்றுதான் பேசுகிறேன், காற்றுச் சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அத்தை கொழுந்து பறிப்பவர். ஆறு வருடம் மனச்சோர்வுக்கு மட்டும் மருந்து எடுத்தார், அப்புறம்தான் இருமுனையக் கோளாறு என்று தெரிந்தது, அதாவது மனம் சில காலம் சோர்ந்தும் சில காலம் அளவுமீறி உற்சாகமாகவும் போகிற நோய். இடையிடையே ராத்திரி முழுக்கத் தூங்காமல், சீட்டுக் காசையெல்லாம் எடுத்து உடுப்பு வாங்கி, விடிந்ததும் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் பதிகிற இடத்துக்கு, முதல் ஆளாகப் போய் நிற்பார். சுகமாகிவிட்டார் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோமே தவிர ஒருவரும் அதை டாக்டரிடம் சொல்லவில்லை. "சீனிக்குக் குத்திப் பார்க்கிற மாதிரி இதுக்கும் பார்க்க ஏலாதா மகன்?" என்று அத்தை கேட்டது என்னை விடவே இல்லை.

தேடிப் படித்தேன். 2023இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், விரலில் குத்திக் காகிதத்தில் உலரவைத்த இரத்தத் துளியில் 600க்கும் மேற்பட்ட பொருட்களை அளந்து பார்த்தார்கள். இருமுனையக் கோளாறு உள்ளவர்களிடம் செராமைடு என்ற கொழுப்பு வகை வித்தியாசமாக இருந்தது. ஆனால் இரத்தத்தை மட்டும் நம்பினால் அதிகபட்சம் 30 சதவீதம் பேரைத்தான் பிடிக்க முடிந்தது, நோயாளி சொல்லும் விவரத்தையும் சேர்த்தபோதுதான் கணிப்பு நன்றாக வந்தது. அழற்சியைக் காட்டும் சிஆர்பியும் சிலருக்கு மனச்சோர்வில் கூடும், ஆனால் காய்ச்சல் வந்தாலும் அது கூடுமே! ஆகவே நம் கிளினிக்கில் அப்படி ஒரு டெஸ்ட் இன்னும் இல்லை.

சரி, இன்றைக்கு உதவும் டெஸ்ட்கள் உண்டு. தைராய்டு குறைந்தாலும் மனம் சோர்ந்துபோகும், அதை டிஎஸ்எச் என்ற இரத்த டெஸ்ட் காட்டிவிடும். இருமுனையக் கோளாறுக்குக் கொடுக்கிற லித்தியம் மருந்து எடுப்பவர்களுக்கோ, இரத்தத்தில் அதன் அளவு உயிர் விஷயம். பெரும்பாலும் லீட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருப்பார்கள். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் மலையில் நின்றாலோ, வயிற்றோட்டம் வந்தாலோ அளவு ஏறிவிடும். இடுப்பு வலிக்குக் கடையில் வாங்கிப் போடுகிறோமே, டைக்ளோஃபெனாக், அதுவும் ஏற்றும். இதை எங்கள் அத்தைக்கு யாரும் சொல்லவில்லை, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அளவு ஏறிக் கை நடுங்கி, நடை தள்ளாடினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மனம் தாங்காத நேரத்தில் இலங்கையின் மனநல உதவி எண் 1926க்கு அழைக்கலாம்.

நாளைக்கு அத்தைக்கு லித்தியம் பார்க்கப் போகிறோம். கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்துத்தான் இரத்தம் எடுக்க வேண்டும், அதனால் இன்று இரவு 8 மணிக்கு மாத்திரை, காலை 8 மணிக்கு இரத்தம் எடுக்க ஊசி. காலை மாத்திரையைப் பையிலேயே வைத்துக் கொண்டுபோகிறோம், இரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்வார்.