மேஜைமேல் ஒரு வாத்தியம்

நேயர்களுக்கு வணக்கம். 'தி தேர்ட் மேன்' 1949-இல் வந்த பிரிட்டிஷ் படம். திரைக்கதை கிரஹாம் கிரீன், இயக்கம் கரோல் ரீட். நிழலும் துரோகமும் நிறைந்த 'ஃபிலிம் நுவார்' வகையைப் பற்றிப் பேச்செடுத்தால் தவறாமல் வரும் பெயர். வானொலியில் படம் காட்ட முடியாது. சரி, காதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கொலையும் கள்ளச்சந்தையுமாகப் போகும் கதைக்கு, வேறொருவர் பெரிய இசைக்குழுவை வைத்து நம்மை மிரட்டியிருப்பார். ரீட், வியன்னாவின் ஒயின் கடைகளில் வாசித்துக்கொண்டிருந்த அன்டன் காராஸைப் பிடித்தார். அவர் வாசித்தது ஸிதர். நம் சிதார் இல்லை. மேஜைமேல் கிடத்தி மீட்டுகிற தட்டை வாத்தியம். படத்தின் பின்னணி இசையே அதுதான். எழுத்து ஓடும்போது திரையில் அதன் தந்திகள்தான் அதிர்கின்றன. கதை இருளுக்குள் போகப்போக அது பாட்டுக்குத் துள்ளிக்கொண்டிருக்கிறது. முதல்முறை எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. அப்புறம்தான் புரிந்தது: நம்மோடு சேர்ந்து அழ மறுக்கிற இசை அது.

அந்த ஊரே அப்படித்தான் இருந்தது. குண்டுவீச்சில் இடிந்து, நான்கு வல்லரசுகள் பங்கு போட்ட வியன்னா. நண்பன் ஹாரி லைம் அழைத்தான் என்று அங்கே வருகிறார் மலிவு கௌபாய் கதைகள் எழுதும் அமெரிக்கர் ஹாலி மார்ட்டின்ஸ். வந்த அன்றே நண்பனின் அடக்கம். ஊர்க்காரர்கள் ஜெர்மனில் பேசுவதற்கு அடியில் மொழிபெயர்ப்பு போடவில்லை. அவர் விழிப்பதுபோல் நாமும் விழிக்கிறோம். ராபர்ட் கிராஸ்கரின் கேமரா வேறு, சாய்ந்தே நிற்கிறது.

செத்துப்போனதாகச் சொன்ன ஹாரி லைமாக ஆர்சன் வெல்ஸ் முகம் காட்டுவது ஒரு மணி நேரம் கழித்து. இருட்டு வாசலில் ஒரு ஜோடி ஷூ, அதை உரசும் பூனை, மாடியில் யாரோ போட்ட விளக்கு, ஒரு குறும்புச் சிரிப்பு. நமக்கு அவனைப் பிடித்துப்போகிறது. ஆனால் அவன் விற்றது கலப்படப் பெனிசிலின். அதனால் நாசமான குழந்தைகள் கிடக்கும் வார்டில் ரீட் ஒரு குழந்தையின் முகத்தையும் காட்டுவதில்லை. ஒரு கரடிப் பொம்மை தலைகீழாகப் போடப்படுகிறது, அவ்வளவுதான்.

முடிவில் மார்ட்டின்ஸும் ஹாரியின் காதலி அன்னாவும் சேர வேண்டும் என்பது கிரீனின் எண்ணம். ரீட் ஒப்பவில்லை, அவர் செய்ததே சரி என்று கிரீன் பிறகு எழுதினார். கல்லறைத் தோட்டத்துச் சாலை, உதிரும் இலைகள். அன்னா நெடுந்தொலைவிலிருந்து நடந்து வருகிறாள். காத்திருக்கும் மார்ட்டின்ஸைத் திரும்பியும் பாராமல் கடந்துபோகிறாள். அவர் சிகரெட் பற்றவைக்கிறார். ஸிதர் வாசித்துக்கொண்டே இருக்கிறது.