அடகுக்கடை வாங்காத மூக்குத்தி

வணக்கம் மக்களே. இன்று வெளியே எங்கும் போகவில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எங்கள் வீட்டு முன்பக்க அஞ்சடியில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். மழை பிடித்துக்கொண்டது, தகரக் கூரைச் சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் உள்ளங்கையில் இருப்பது தெரிகிறதா? கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன். இது என் பாட்டியின் மூக்குத்தி. ஒற்றைக்கல். அரிசியில் பாதிகூட இருக்காது, ஆனால் வைரம்.

போன வாரம் என் அக்கா மகன் வந்திருந்தான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. "சித்தி, மோதிரம் பார்த்துவிட்டேன். 8,000 வெள்ளி. கடன் போட்டு எடுக்கப்போகிறேன். வைரம்தானே, நாளைக்கு ஒரு கஷ்டம் என்றால் விற்றுக்கொள்ளலாம்" என்றான். அந்தக் கடைசி வார்த்தை இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் இந்தப் பேச்சு.

பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குப் போய்விடுவார். மாரியம்மன் திருவிழாவில் தோட்டத்துக் கணக்கர் கிராணியாரின் மனைவி ஏழுகல் வைரத் தோடு போட்டுக்கொண்டு வருவாராம். தீபாராதனை காட்டும்போது சாமியைப் பார்ப்பதா, அந்தத் தோட்டைப் பார்ப்பதா என்றே தெரியாதாம் பாட்டிக்கு. தோடு வாங்க வழியில்லை. பல வருடம் சீட்டுப் போட்டு, ஈப்போவில் போய் இந்த ஒற்றைக்கல்லை வாங்கினார். "புளூ ஜாகர் கல்லு" என்று பெருமையாகச் சொல்வார். வாங்கியதும் மூன்று இரவு தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாராம். வைரம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது என்று நம் பெரியவர்களுக்கு ஒரு பயம் உண்டல்லவா?

அந்த "ஜாகர்" என்ன என்று வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபோன்டைன் என்று ஒரு சுரங்கம். அங்கே லேசான நீல ஓட்டமுள்ள கற்கள் கிடைத்தன. அந்த ஊர்ப் பெயர் தேய்ந்து, கடல் தாண்டி, தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், என் பாட்டி வாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, ஏன் இவ்வளவு விலை?

வைரம் வெறும் கரி. அடுப்புக்கரியில் இருக்கும் அதே கார்பன்தான். பூமிக்குக் கீழே 150 கிலோமீட்டருக்கும் ஆழத்தில், பயங்கர அழுத்தத்திலும் சூட்டிலும் இறுகியது. பல கற்களுக்கு நூறு கோடி வருடத்துக்கு மேல் வயது. பழங்கால எரிமலைக் குழாய்கள் வழியாக மேலே வந்தது. பல சுரங்கங்களில் ஒரு டன் பாறையை உடைத்தால் ஒரு காரட்கூடத் தேறாது. ஒரு காரட் என்பது 0.2 கிராம். பட்டை தீட்டும்போது அதிலும் பாதிக்கு மேல் தூளாகப் போய்விடும். அதனால் வைரம் அரிது என்பது முழுப் பொய் இல்லை. ஆனால் அந்த அரிதுக்குத் தகுந்த விலைதானா என்பதுதான் கேள்வி.

ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு இந்தக் கதை சுலபமாகப் புரியும் என்று நினைக்கிறேன். 1922-இல் ரப்பர் விலை பாதாளத்தில் கிடந்தபோது, மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஏற்றுமதியைக் குறைக்க வெள்ளைக்காரன் ஒரு திட்டம் போட்டான். ஸ்டீவன்சன் திட்டம் என்று பெயர். விலை ஏறத்தான் செய்தது. ஆனால் பக்கத்திலேயே டச்சுக்காரர்களின் இந்தோனேசியா அதில் சேரவில்லை. அங்கே சிறு தோட்டக்காரர்கள் பால் வெட்டித் தள்ளினார்கள். 1928-இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். ரப்பர் விலையைப் பிடித்து வைக்க அவர்களால் முடியவில்லை.

வைரத்தில் அது முடிந்தது. 18-ஆம் நூற்றாண்டு வரை உலகத்துக்கு வைரம் கொடுத்தது பெரும்பாலும் இந்தியா, கிருஷ்ணா நதிப் பக்கம், கோல்கொண்டா ராஜ்ஜியம். நம் பக்கத்தில் போர்னியோவிலும் கொஞ்சம் கிடைத்தது. அப்புறம் பிரேசில். அப்போதெல்லாம் உண்மையாகவே கொஞ்சம்தான். 1870-களில் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லியில் தோண்டத் தோண்டக் கல் வந்தது. இப்படியே விட்டால் வைரம் கண்ணாடி மணி விலைக்கு வந்துவிடும் என்று முதலாளிகளுக்குப் பயம். சிசில் ரோட்ஸ் என்பவர் சுரங்கங்களை ஒன்றாகச் சேர்த்து 1888-இல் டி பியர்ஸ் நிறுவனத்தை உண்டாக்கினார். 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், உலகத்துக் கச்சா வைரத்தில் ஐந்தில் நான்கு பங்கு வரை அவர்கள் கை வழியாகவே போனது. ஆண்டுக்குப் பத்துத் தடவை, தாங்கள் தேர்ந்தெடுத்த வியாபாரிகளைக் கூப்பிட்டுப் பெட்டியைக் கொடுப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறதோ அதை, சொன்ன விலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். வேறு நாட்டில் புதிதாகக் கல் கிடைத்தால் அதையும் வாங்கிப் பூட்டி வைப்பார்கள். சோவியத் வைரம்கூட அவர்கள் மூலமாகத்தான் சந்தைக்கு வந்தது.

1930-களில் உலகமெங்கும் பொருளாதார மந்தம். அவர்கள் சுரங்கத்தையே மூடிவிட்டுக் காத்திருந்தார்கள். கல் அழுகாதே, மண்ணுக்குள் கிடக்கட்டும். அதே மந்தத்தில் இங்கே ரப்பர் விலை விழுந்தபோது என்ன நடந்தது தெரியுமா? வேலையில்லை என்று நம் ஆட்களைக் கப்பல் கப்பலாக இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

விலையைப் பிடித்து வைத்தால் போதாது, ஆசையும் வேண்டும். 1938-இல் அமெரிக்காவில் ஒரு விளம்பர நிறுவனத்தை அமர்த்தினார்கள். அங்கே வேலை பார்த்த ஃபிரான்சிஸ் ஜெரட்டி என்ற பெண் 1947-இல் ஒரு வரி எழுதினார்: வைரம் என்றென்றைக்கும் நிலைக்கும் என்று பொருள்படும் வரி. அதன் கெட்டிக்காரத்தனத்தைக் கவனியுங்கள். காதல் நிலைக்கும் என்று சொல்வதோடு, வாங்கிய கல்லை யாரும் விற்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டார். எல்லாரும் பழைய கல்லைக் கொண்டுபோய்க் கொட்டினால் புதுக் கல்லை யார் வாங்குவார்கள்? ஜப்பானில் 1967-இல் விளம்பரம் தொடங்கியபோது, நூறு மணப்பெண்களில் ஐந்து பேருக்குக்கூட வைர மோதிரம் இல்லை. 1981-க்குள் ஏறத்தாழ அறுபது பேர் கையில் இருந்தது.

ஆனால் ஆசை முழுவதையும் விளம்பரத்தின் தலையில் போட எனக்கு மனசு வரவில்லை. என் பாட்டி அந்த விளம்பரத்தைப் பார்த்ததே இல்லை. சிலப்பதிகாரத்தில் மதுரை ரத்தினக் கடைத் தெரு வரும். காகபாதம், களங்கம், விந்து, ஏகை ஆகிய குற்றங்கள் இல்லாத வைரம் அங்கே இருந்தது என்று எழுதியிருக்கிறார் இளங்கோ. இன்றைக்குக் கடைக்காரர் லென்ஸ் வைத்துத் தேடுவது அதே குற்றங்களைத்தான். வைரத்துக்குள் போன ஒளி சட்டென்று வெளியே வராது, உள்ளேயே மோதித் திரும்பி, நிறம் நிறமாகப் பிரிந்து வரும். "நல்ல நீரோட்டம்" என்று நம்மவர்கள் சொல்வது அதைத்தான். விளக்கொளியில் அதைப் பார்த்து மயங்கிய மனுஷியைக் குறை சொல்ல என்னால் முடியாது.

இப்போது காலம் மாறிவிட்டது. 2000-ஆம் ஆண்டுவாக்கில் டி பியர்ஸ் அந்தப் பூட்டி வைக்கும் வேலையை விட்டுவிட்டது. இன்னொரு பக்கம் ஆய்வுக்கூட வைரம். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் 1954-லேயே செய்து காட்டிவிட்டார்கள். நகைக்கு ஏற்ற கல் இப்போது மலிவாக வருகிறது. அதுவும் அசல் வைரம்தான், அதே கார்பன், அதே கெட்டித்தன்மை. வெறும் கண்ணால் வித்தியாசம் சொல்ல முடியாது. 1942-இல் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த பிறகு அமெரிக்கா செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டியதே, அதன் பிறகு நம் ரப்பருக்கு ஒரு பெரிய போட்டி வந்துவிட்டது. அதே மாதிரிதான் இதுவும்.

இனி விற்கும் கதை. தங்கத்துக்குத் தினமும் ஒரு கிராம் இவ்வளவு என்று விலை இருக்கிறது. வைரத்துக்கு அப்படிக் கிடையாது. ஒவ்வொரு கல்லுக்கும் எடை, நிறம், தெளிவு, வெட்டு எல்லாம் வேறு வேறு. நாம் கொடுக்கும் விலையில் கடை வாடகை, லாபம், விளம்பரம் எல்லாம் சேர்ந்திருக்கும். திரும்பக் கொண்டுபோனால் மொத்த வியாபாரி விலைக்கும் கீழேதான் கேட்பார்கள். சிறிய கல் என்றால் பேச்சே இல்லை.

எனக்கு இது எப்படித் தெரியும்? நான் பள்ளியில் படிவம் ஐந்து படிக்கும்போது, கட்டணம் கட்ட அம்மா இந்த மூக்குத்தியை அடகுக்கடைக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். கடைக்காரர் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு, "கல்லுக்குக் காசு இல்லை, பொன் ஒரு கிராம்கூட வராது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மா வளையலைக் கழற்றிக் கொடுத்தார். அந்த வளையல் மீட்கப்படவே இல்லை. பாட்டியின் சங்கிலி, அம்மாவின் தாலிக்கொடி, என் காதணி எல்லாம் ஒவ்வொரு காலத்தில் அந்தக் கடைக்குப் போய்விட்டன. யாரும் வாங்காத இந்தக் கல் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

இதையெல்லாம் அக்கா மகனிடம் சொன்னேன். பிடித்திருந்தால் வாங்கு, கையில் இருக்கும் காசுக்கு வாங்கு, கடனுக்கு வேண்டாம், கஷ்டத்துக்கு உதவும் என்று நினைத்து வாங்கவே வேண்டாம் என்றேன். ஆய்வுக்கூடக் கல்லையும் பார் என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்தான். கிளம்பும்போது வாசலில் நின்று, "சித்தி, பாட்டி மூக்குத்திக் கல்லை மோதிரத்தில் வைக்க முடியுமா?" என்று கேட்டான்.

நேற்று பத்தரிடம் காட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் இருக்கிறதாம், ஆனாலும் பின்பக்கம் மூடிய பழைய கட்டு என்பதால் நிதானமாகக் கழற்றினால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது என்றார். செய்யச் சொல்லிவிட்டு வரவில்லை. அக்காவிடம் இன்னும் பேசவில்லை. அவளுக்கும் அவர் பாட்டிதானே. மழை விட்டதும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.