தெப்பத்தில் வந்த கோட்டை

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, நான் வாயைத் திறக்கும் முன்பே பேனாவைத் திறந்துவிட்ட எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ரஷ்யாவின் வோல்கா ஆற்றங்கரையில் இருந்த கசான் என்ற தாத்தார் கானரசு, அதாவது கான் என்ற மன்னர் ஆண்ட தாத்தார் இனத்தாரின் நாடு, 1552இல் மாஸ்கோவிடம் வீழ்ந்தது. அதற்குப் பெரிதும் காரணம் உட்பூசலா, மாஸ்கோவின் படைபலமா என்பது தலைப்பு. நான் படைபல அணி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா கசான் அரியணையில் மியூசிக்கல் சேர் நடந்தது என்றார்கள். முகம்மது அமீன் மூன்று தடவை கான், சபா கிரை மூன்று தடவை, ஷா அலி மூன்று தடவை. பிரபுக்களில் ஒரு கூட்டம் கிரிமியா என்ற இன்னொரு தாத்தார் கானரசின் பக்கம், இன்னொரு கூட்டம் மாஸ்கோ பக்கம். இப்படிப்பட்ட வீட்டை இடிக்க வெளியாள் வேண்டுமா என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார்கள். நானும்தான் தட்டினேன். அம்மா சொன்ன கணக்கு சரி. போட்ட முடிவுதான் தப்பு.

அம்மா, அந்தப் பூசல் எப்போது வந்தது? கடைசியில் வந்ததா? இல்லை, கானரசு பிறந்த அன்றே கூடப் பிறந்தது. சராய் நகரில், மங்கோலியர் வழிவந்த பொன் ஓர்தா என்ற பேரரசின் கானாக இருந்த உலுக் முகம்மது, சொந்தப் பங்காளிகளால் விரட்டப்பட்டு 1438 வாக்கில் வடக்கே வந்தவர். அதாவது கசானுக்கு அடித்தளம் போட்டதே குடும்பச் சண்டை. 1445இல் அவருடைய மகன்கள் சுஸ்தால் அருகே மாஸ்கோவின் கோமகன் இரண்டாம் வசீலியை உயிரோடு பிடித்தார்கள். பிடித்ததோடு விடவில்லை. அவர் கழுத்தில் கிடந்த சிலுவையைக் கழற்றி, மாஸ்கோவில் இருந்த தாய்க்கும் மனைவிக்கும் அனுப்பிவைத்தார்கள். ஆள் எங்களிடம் இருக்கிறான், பணத்தை எண்ணி வையுங்கள் என்று அதற்குப் பொருள். அதே ஆண்டில் உலுக் முகம்மதுவின் கதை முடிந்தது; மகன் மகமூதே கொன்றார் என்றும் ஒரு செய்தி உண்டு. மற்ற இரண்டு மகன்கள், காசிமும் யாக்கூப்பும், கடைசியில் மாஸ்கோவிடமே போய்ச் சேர்ந்தார்கள். இதைவிடப் பெரிய உட்பூசல் வேண்டுமா? அப்புறமும் அந்தக் கானரசு நூறு ஆண்டுக்கு மேல் நின்றதே!

சரி, எதிர்வீடு எப்படி இருந்தது? அங்கே என்ன, அண்ணன் தம்பி ஒரே இலையில் சாப்பிட்டார்களா? பணம் கட்டி மீண்டு வந்த அதே வசீலியை மறு ஆண்டே அவருடைய சிற்றப்பா மகன் திமீத்ரி ஷெம்யாக்கா பிடித்துக் கண்ணைக் குருடாக்கினார். கசானில் 1549இல் சபா கிரை இறந்ததும் இரண்டு வயசு ஊத்தமிஷ் கான் ஆனான், தாய் சூயும்பிகே ஆட்சியைப் பார்த்துக்கொண்டார், அதனால்தான் நாடு போச்சு என்றார் எதிரணி ஐயா ஒருவர். ஐயா, மாஸ்கோவில், கசானைப் பிடித்த அதே நான்காம் இவான் பட்டத்துக்கு வந்தபோது அவருக்கு வயசு மூன்று! அங்கேயும் தாய்தான் ஆண்டார். அந்தத் தாய் இறந்த பிறகு ஷூய்ஸ்கி, பெல்ஸ்கி என்ற பிரபுக் குடும்பங்கள் இரண்டும் அடித்துக்கொண்டதை எழுதினால் கசான் கதை கைக்குட்டை அளவுக்கு வந்துவிடும். இரண்டு வீட்டிலும் ஒரே காய்ச்சல். ஒரு வீட்டில் மட்டும் சாவு விழுந்தால், அதற்குக் காய்ச்சலைக் காரணம் சொல்ல முடியுமா நடுவர் அவர்களே?

சூயும்பிகே பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தன்னை மணக்கக் கேட்ட இவானிடம் ஏழு நாளில் ஏழு நிலைக் கோபுரம் கட்டச் சொல்லி, இவான் கட்டி முடித்ததும் அதிலிருந்து குதித்து உயிர்விட்டார் என்று ஐயா உருகினார்கள். சாய்ந்த அந்தக் கோபுரம் இன்றும் கசானில் நிற்கிறது. ஆனால் கடைசி முற்றுகைக்கு முந்திய ஆண்டே அந்த அம்மாவையும் பிள்ளையையும் மாஸ்கோவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஊரிலேயே இல்லாதவர் எந்தக் கோபுரத்திலிருந்து குதிப்பார்?

இப்போது என் அணியின் விஷயத்துக்கு வருகிறேன். இவான் எடுத்ததும் ஜெயித்துவிடவில்லை. 1548 பிப்ரவரியில் உறைந்த வோல்காவின் மேல் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு வந்தார். குளிர் திடீரென்று விட்டது. பனிக்கட்டியின் மேல் தண்ணீர் ஏறியது. பீரங்கிகளும் ஆட்களும் உள்ளே போனார்கள். திரும்பிவிட்டார். 1550 பிப்ரவரியில் மறுபடி வந்து, கசான் சுவருக்கு எதிரே 11 நாள் நின்றார். மழை, சேறு, சுட முடியாத பீரங்கி. மறுபடியும் திரும்பினார். இங்கேதான் எதிரணி காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். 1550இல் கசானை யார் ஆண்டது? கைக்குழந்தை. பிரபுக்கள் ஒற்றுமையாகவா இருந்தார்கள்? இல்லை. உட்பூசல் உச்சத்தில் இருந்த அந்த நேரத்தில்கூட கசான் விழவில்லையே! அப்படியானால் 1550க்கும் 1552க்கும் நடுவில் புதிதாக வந்தது எது?

மரக்கட்டை வந்தது.

சிரிக்காதீர்கள். 1550இல் தோற்றுத் திரும்பும் வழியில், வோல்காவில் ஸ்வியாகா ஆறு கலக்கும் இடத்தில், உருண்டையாக ஒரு குன்று இவான் கண்ணில் பட்டது. கசானிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். அந்தக் குளிர்காலத்தில் வோல்காவின் மேல்பகுதியில், உக்லிச் பக்கத்துக் காட்டில், இவான் விரோத்கோவ் என்ற அதிகாரியின் மேற்பார்வையில் மரம் வெட்டினார்கள். சுவர், கோபுரம், வாசல், தேவாலயம் எல்லாவற்றையும் அங்கேயே இழைத்து, பொருத்திப் பார்த்து, கட்டைக்குக் கட்டை அடையாளம் போட்டுப் பிரித்தார்கள். 1551 வசந்தத்தில் பனி உருகியதும் தெப்பமாகக் கட்டி ஆற்றில் விட்டார்கள். பல நூறு கிலோமீட்டர் மிதந்து ஒரு முழுக் கோட்டை வந்து இறங்கியது! குன்றில் இருந்த மரங்களை வெட்டித் தள்ளிவிட்டு அடுக்க ஆரம்பித்தார்கள். கொண்டுவந்த கட்டை பாதிக் குன்றுக்குத்தான் போதுமானதாக இருந்தது. மீதிக்கு அங்கேயே வெட்டினார்கள். நாலு வாரத்தில் ஸ்வியாஷ்ஸ்க் எழுந்து நின்றது.

கசானை அதுவரை காத்தது தூரம். மாஸ்கோவிலிருந்து படை வந்து சேர்வதற்குள் சோறு தீரும், பனி உருகும், பாதை சேறாகும். அந்தத் தூரத்தை நாலு வாரத்தில் இல்லாமல் செய்துவிட்டார்கள். இனிமேல் வெடிமருந்தும் தானியமும் கசானின் வாசலிலேயே இருக்கும்.

ஆனால் வோல்காவின் வலக்கரையில் இருந்த மலைப்பக்கத்து மாரி மக்களும் சுவாஷ் மக்களும் மாஸ்கோ பக்கம் போனார்களே, அது பிளவு இல்லையா என்று கேட்பீர்கள். போனார்கள். எப்போது? கண்ணெதிரே கோட்டை எழுந்த பிறகு. அப்புறம் வோல்கா, காமா, வியாத்கா ஆறுகளின் துறைகளையெல்லாம் மாஸ்கோ படை அடைத்தது. தோணி போகாது, தானியம் வராது. பிரபுக்கள் சூயும்பிகேயையும் பிள்ளையையும் ஒப்படைத்ததும், ஷா அலியை மூன்றாம் முறை கூப்பிட்டதும் அதற்குப் பிறகுதான். கழுத்தில் கயிறு இறுகிய பிறகு மூச்சுத் திணறியது. நீங்கள் மூச்சுத் திணறலைக் காட்டிக் கயிற்றை மறைக்கிறீர்கள்.

கடைசியாக 1552. மார்ச்சில் ஷா அலி வெளியேறினார். மாஸ்கோவின் ஆளுநர் ஊருக்குள் நுழைய வந்தார். கசான்காரர்கள் வாசலைச் சாத்தினார்கள்! அஸ்திரகான் என்ற வேறொரு தாத்தார் கானரசின் வம்சத்து யாதிகார் முகம்மதுவைக் கானாக்கினார்கள். அதற்குப் பிறகு ஏது இரண்டு கட்சி? உதவிக்குப் புறப்பட்ட கிரிமியாவின் கான் தெவ்லெத் கிரை, மாஸ்கோவுக்குத் தெற்கே உள்ள தூலா ஊரிலேயே மடக்கித் திருப்பப்பட்டார். ஆகஸ்ட் கடைசியில் முற்றுகை தொடங்கியது. பீரங்கிகள் 150 என்பார்கள். ஸ்வியாஷ்ஸ்க் கட்டிய அதே விரோத்கோவ், சுவரைவிட உயரமாக ஒரு மரக்கோபுரம் செய்து, அதன்மேல் பீரங்கி ஏற்றி ஊருக்குள் சுட்டார். உள்ளே இருந்தவர்கள் ரகசியமாகத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த ஊற்றுவழியை, மண்ணுக்குள் சுரங்கம் தோண்டி வெடிவைத்துத் தகர்த்தார்கள். அப்போதும் கசான் வாசலைத் திறக்கவில்லை. அக்டோபர் 2ஆம் தேதி 48 பீப்பாய் வெடிமருந்து சுவருக்கு அடியில் வெடித்தது. உடைந்த சுவர் வழியாகப் படை உள்ளே புகுந்தது. மார்க்க அறிஞர் குல் ஷரீப் கையில் ஆயுதத்தோடு சண்டையிட்டு மாண்டார்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார்கள், ஒரே நிமிஷம். ஊர் பிடிபட்ட பிறகு, மிஞ்சிய தாத்தார்கள் கோட்டைக்குள் குடியிருக்கக் கூடாது என்றானது. கபான் ஏரிப் பக்கம், ஊருக்கு வெளியே அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். நீ மாஸ்கோ கட்சியா, கிரிமியா கட்சியா என்று எதிரணி இன்று கேட்ட கேள்வியை அன்று அந்த வாசலில் யாரும் கேட்கவில்லை.

நன்றி, வணக்கம்.