ஹேர் டிரையருக்கு மலையில் இடமில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளையை, முதல் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே, முன்பின் தெரியாத எட்டுப் பத்துப் பேரோடு காட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கைபேசி கிடையாது, குளியல் கிடையாது. கூடப் போவது பேராசிரியரோ விடுதிக் காப்பாளரோ அல்லர். புதியவர்களைவிட ஓரிரு வயது மூத்த இரண்டு மாணவர்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள டார்ட்மத் கல்லூரியில் இந்த வழக்கம் 1935ஆம் ஆண்டில் தொடங்கியது. கட்டாயம் எதுவும் இல்லை. ஆனாலும் புதுமுக மாணவர்களில் போகாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அந்தக் கல்லூரி இருக்கும் ஹானோவரில் நான் சில ஆண்டுகள் ஆய்வுப் பணியில் இருந்தேன். சின்ன ஊர். ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் மாநிலம் வரை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலேச்சியன் நடைபாதை அந்த ஊரின் கடைத்தெரு வழியாகவே போகிறது. மாதக்கணக்கில் நடந்து தாடி மண்டியவர்கள் காபிக் கடை வாசலில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஊரார் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இந்த ஊரில்தான் 1909இல் ஃபிரெட் ஹாரிஸ் என்ற மாணவர் கல்லூரிப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். குளிர்காலம் முழுக்க அறைக்குள் முடங்கிக் கிடப்பானேன், பனிச்சறுக்குக்கு ஒரு சங்கம் வைத்துக்கொள்ளலாமே என்பது அவர் யோசனை. அப்படிப் பிறந்த டார்ட்மத் அவுட்டிங் கிளப்தான் பின்னாளில் இந்தப் புதுமுகப் பயணங்களைத் தொடங்கி வைத்தது.

ஆகஸ்ட் கடைசியில் அந்தச் சங்கத்தின் இருப்பிடமான ராபின்சன் ஹாலுக்கு எதிரே உள்ள புல்வெளியைப் பார்க்க வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஒரே நாளில் மலைக்கு அனுப்ப முடியாதல்லவா? அதனால் அணி அணியாகப் பிரித்து, ஒவ்வொரு நாளும் ஓர் அணியைக் கிளப்புகிறார்கள். தலைமுடிக்குப் பச்சையும் ஊதாவுமாகச் சாயம் பூசிக்கொண்டு, பாட்டியின் பழைய கவுனைப் போல எதையோ மாட்டிக்கொண்டு ஒரு கூட்டம் கூத்தாடும். அவர்கள் வழியனுப்பும் குழுவினர், எல்லாரும் மேல்வகுப்பு மாணவர்கள். கோமாளித்தனத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. வந்திறங்கும் பதினெட்டு வயதுப் பிள்ளை, தன்னைவிட அசடாகத் தோன்ற ஒருவன் அங்கே இருக்கிறான் என்று உடனே நிம்மதி அடைகிறது.

அதன் பிறகு புல்லில் மூட்டைப் பரிசோதனை. ஒவ்வொருவரும் தம் முதுகுப்பையைக் கவிழ்த்துக் கொட்ட வேண்டும். ஜீன்ஸா, வேண்டாம். பருத்தி பனியனா, ஒன்று போதும். பருத்தி நனைந்தால் உலராது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அந்த மலைகளில் ஆகஸ்டு இரவுகூட நடுக்கும். கம்பளிக் காலுறை இல்லாதவருக்கு மூத்த மாணவி தன் பையிலிருந்து ஒரு ஜோடி எடுத்துத் தருவாள். ஒரு பெண்ணின் பையிலிருந்து ஹேர் டிரையர் வெளிவந்ததை நானே பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. "இதை இங்கே பத்திரமாக வைத்துவிட்டுப் போகலாம்" என்று ஒரு பெட்டியில் போட்டுச் சீட்டு ஒட்டினார்கள். காலியான இடத்தில் பெரிய செடார் பாலாடைக்கட்டி ஒன்றும் தார்ப்பாயின் ஒரு பகுதியும் ஏறின. பொதுச் சாமான் எல்லார் முதுகிலும் பங்கு போடப்படும். கனத்தது எப்போதும் மூத்தவர் பைக்குத்தான் போகும்.

மலையில் என்ன நடக்கிறது? பெரிய சாகசம் ஒன்றும் இல்லை. நடக்கிறார்கள், களைக்கிறார்கள், குதிகாலில் கொப்புளம் கண்டு உட்காருகிறார்கள். மூத்தவர் மண்டியிட்டு அந்தக் காலைத் தன் மடியில் வைத்துக் கட்டுப் போடுகிறார். மாலையில் தார்ப்பாயைக் கயிற்றில் கட்டி, அதன் கீழே வரிசையாகப் படுக்கை. கருங்கரடி நடமாடும் காடு என்பதால் சோற்று மூட்டையைப் படுக்கும் இடத்திலிருந்து தள்ளி மரக்கிளையில் ஏற்றித் தொங்க விடுகிறார்கள். கொல்லைக்குப் போவதற்கும் பாடம் உண்டு: ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி, பிறகு மூடிவிட வேண்டும். இதை முதல் நாளே மூத்தவர் கையில் சிறு மண்வாரியோடு நின்று, உட்கார்ந்தும் காட்டி விளக்குகிறார். பட்டணத்துப் பிள்ளைக்கும் பண்ணை வீட்டுப் பிள்ளைக்கும் கூச்சம் அங்கேயே சமமாகக் கழன்றுவிடுகிறது.

நம்மவர்கள் முகம் சுளிக்கும் இடம் ஒன்று உண்டு. சமைத்த பாத்திரத்தைக் கழுவிய தண்ணீரைக் காட்டில் கொட்டினால் வாசனைக்கு விலங்கு வரும் என்று, சில குழுக்களில் மூத்தவர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்துவிடுகிறார்கள். மக்ரோனி ஒட்டியிருந்த வெந்நீர். எச்சில் பார்த்து வளர்ந்த வீட்டுப் பிள்ளைக்கு அதைக் காணவே குமட்டும். கவனிக்க வேண்டியது, புதியவரைக் குடிக்கச் சொல்வதில்லை, மூத்தவர்தான் குடிக்கிறார். இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி அங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. வயதில் மூத்தவன், கல்லூரியில் செல்வாக்குள்ளவன், புதியவனுக்கு முன் அடுப்பு மூட்டுகிறான், தண்ணீர் சுமக்கிறான், கடைசியாகச் சாப்பிடுகிறான். மலை ஏறியதால் வரும் பெருமையைவிட இது பிள்ளையின் மனத்தில் ஆழமாகப் பதிகிறது.

பயணத்தின் முடிவில் பல ஆண்டுகளாக எல்லாக் குழுக்களும் மூசிலாக் என்ற மலையடிவாரத்தில் உள்ள மரக்கட்டை விடுதியில் கூடுவது வழக்கம். மலையின் உயரம் 4,802 அடி, நம் கொடைக்கானலைவிடக் குறைவுதான். 1930களின் கடைசியில் கட்டிய பழைய விடுதி போய், 2017இல் புதிய கட்டடம் வந்திருக்கிறது. காலைச் சிற்றுண்டிக்கு முட்டையைப் பச்சைச் சாயம் கலந்து பரிமாறுவார்கள். அந்தக் கல்லூரியில் படித்து, குழந்தைகளுக்கு எழுதிப் புகழ்பெற்ற டாக்டர் சூஸின் பச்சை முட்டைக் கதையின் நினைவாக வந்த வேடிக்கை.

இத்தகைய பயணங்களுக்கு இன்னொரு வேரும் உண்டு. ஜெர்மனியில் பள்ளி நடத்திய குர்ட் ஹான், ஹிட்லரை எதிர்த்துச் சிறை சென்று பிரிட்டனில் தஞ்சம் புகுந்தவர். கப்பல் முதலாளி லாரன்ஸ் ஹோல்ட்டோடு சேர்ந்து 1941இல் வேல்ஸ் நாட்டின் அபர்டோவியில், இளைஞருக்குக் கடலிலும் மலையிலும் பயிற்சி தரும் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியைத் தொடங்கினார். போரில் கப்பல் மூழ்கியபோது, உயிர்காப்புப் படகில் இளம் மாலுமிகள் முதலில் நம்பிக்கை இழந்து சாகிறார்கள், கிழவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பது ஹோல்ட்டின் கவலை. அந்த முறை 1960களில் அமெரிக்காவுக்கு வந்தது. பிரின்ஸ்டன் 1974இலும் ஹார்வர்டு 1979இலும் தத்தம் வெளிப்புறப் பயணங்களைத் தொடங்கின. ஹானின் நோக்கம் இளைஞரைப் புடம் போடுவது. புதுமுகப் பயணத்துக்கு அந்தக் கண்டிப்பு தேவையில்லை என்பது என் கட்சி. வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு அந்த வாரத்தில் வேண்டியது பேச்சுத்துணை.

மூத்த மாணவர்கள் புதியவர்களைக் காட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள் என்றதும் நம்மில் பலருக்கு அடிவயிறு கலங்கும். ஒரு மருத்துவ மாணவரின் கொலைக்குப் பிறகு 1997இல் ராகிங் தடைச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. அமெரிக்கா மட்டும் யோக்கியம் என்று எண்ண வேண்டாம். அங்கே மாணவர் சங்கங்களில் சேர வந்தவரை அளவுக்கு மீறிக் குடிக்க வைத்துக் கொன்ற கொடுமைகள் உண்டு. 2024 டிசம்பரில்தான் கல்லூரி ராகிங்கைக் கணக்கில் கொண்டுவர ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. ஒரே கல்லூரியில், ஒரே வயதுக்காரர்கள், ஓரிடத்தில் புதியவரை அவமானப்படுத்துகிறார்கள், இன்னோரிடத்தில் அவர் கொப்புளத்துக்கு மருந்து போடுகிறார்கள். இரண்டாவது தானாக நடப்பதன்று. முதலுதவிப் பயிற்சி, மது கூடாது என்ற விதி, யார் தலைவராகலாம் என்று வடிகட்டும் தேர்வு எல்லாம் பின்னால் இருக்கின்றன.

குறையும் உண்டு. நல்ல நடைக்காலணி நூறு டாலருக்கு மேல். கோடை விடுமுறையில் கடையில் வேலை பார்த்துக் கட்டணம் சேர்க்கும் பிள்ளைக்கு அந்த வாரச் சம்பளமும் போய்விடும். சிறுவயதிலிருந்தே பெற்றோரோடு கூடாரம் அடித்துப் பழகியவர்கள் அங்கே வீட்டுக்காரர்களைப் போலவும், மற்றவர்கள் விருந்தாளிகளைப் போலவும் உணர்வதாக விமரிசனம் எழுந்தது. நியாயமான விமரிசனம். கல்லூரிகள் உதவித்தொகை தருகின்றன, காலணி முதல் படுக்கைப் பை வரை இரவல் கொடுக்கின்றன. மலையேறப் பிடிக்காதவருக்கு டார்ட்மத்தில் ஓவியம், படகு, பண்ணை வேலை என்று வேறு வகைகள் வந்துவிட்டன. யேல் பல்கலைக்கழகத்தில் சிலர் கனெக்டிகட் விவசாயிகளின் பண்ணையில் களை பிடுங்கியே நண்பர்களாகிறார்கள்.

இங்கே இதைச் செய்ய முடியாதா என்று கேட்பீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மறந்துவிட்டு, பஸ் பிடித்துக் காட்டுக்குப் போங்கள் என்று நான் சொல்லமாட்டேன். வனத்துறை அனுமதியும் பயிற்சி பெற்ற வழிகாட்டியும் இல்லாமல் ஓரடி வைக்கக் கூடாது. அதற்குப் பதிலாக, விடுதிச் சமையற்கட்டில் மூத்த மாணவர்கள் முதல் மூன்று நாள் புதியவர்களுக்குப் பரிமாறட்டும். அதற்கு எந்த அனுமதியும் வேண்டாம்.

அடுத்த ஆகஸ்டில் பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்பவிருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இப்பயணத்துக்கான விண்ணப்பம் கோடையிலேயே வந்துவிடும். நீச்சல் தெரியுமா, ஆஸ்துமா உண்டா, சைவமா என்றெல்லாம் கேட்பார்கள். வெட்கப்படாமல் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். சைவம் என்றால் முட்டை சேருமா என்பதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பச்சை நிற முட்டை தட்டில் வந்து நிற்கும். புதுக் காலணியை ஊரிலேயே வாங்கி, போட்டுப் பழகிக்கொள்ளட்டும். நான்கைந்து நாள் போன் வராது. கல்லூரி அலுவலகத்தை நள்ளிரவில் எழுப்ப வேண்டாம்.

வணக்கம்.